ஒளி சொல்லும் சாட்சியம்

ஆற்றுநீர் தெளிந்திருக்கிறது, அடியிலே மணலும் தெரிகிறது. ஆனால் அதிலே மருந்து கரைந்திருந்தால்? கண்ணுக்குத் தெரியாது, நாவும் உணராது!

கற்பனையல்ல, தோழர்களே! ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரைச் சுவீடன் நாட்டு அறிவியலார் ஆராய்ந்தனர். 2007இல் முடிவு வெளிவந்தது: லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபிளாக்சசின்! சுத்திகரித்த பிறகு இந்த இலட்சணம்! மருந்தோடு நாளும் பழகும் கிருமி, மருந்தையே வெல்லக் கற்கிறது. பிறகு பாட்டாளியின் பிள்ளை காய்ச்சலில் படுத்தால், மாத்திரை தோற்கிறது.

அங்கே அளவு மிகுதி, அகப்பட்டது. ஆற்றோடு ஓடி, ஆயிரம் மடங்கு கரைந்தபின் எப்படிப் பிடிப்பது?

வழி உண்டு. திருச்சியிலே பிறந்த சி.வி. ராமன், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து, 1928இல் கல்கத்தாவில் கண்ட உண்மை அது. பொருள்மீது பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுகிறது. அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறு, கைரேகை போல! ஆனால் மாறுவதோ ஏறக்குறைய கோடியில் ஒரு கதிர், ஊமையின் முணுமுணுப்பு.

1974இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில், சொரசொரப்பான வெள்ளித் தகட்டின்மீது அந்த முணுமுணுப்பு முழக்கமாயிற்று. 2004இல் மான்செஸ்டரில் ஓர் அணுவின் கனமே உள்ள கிராபீன் ஏடு பிரித்தெடுக்கப்பட்டது. இன்று அத்தகைய ஏடுகளின்மேல் நுண்ணிய வெள்ளித் துகள்களைப் பதிக்கிறார்கள். ஏடு மருந்து மூலக்கூறை இழுத்துப் பிடிக்கிறது. வெள்ளி அதன் குரலைப் பெருக்குகிறது. ஆய்வுக்கூடத்திலே நூறு கோடியில் ஒரு பங்கு மருந்தும் சிக்குகிறது!

குறை இல்லையா? உண்டு. ஆற்றுச் சேறும் அழுக்கும் குரலைக் குழப்பும். ஏட்டுக்கு ஏடு அளவு மாறும். ஆகவே தீர்ப்பு எழுதப் பெரிய கருவி வேண்டும்தான். ஆனால் திருடனைக் கண்டதும் கூவும் காவற்காரனாக இது போதுமே! கையடக்க ராமன் கருவிகள் கடைக்கு வந்து ஆண்டுகள் பல ஆயின.

நாம் கேட்பது இதுதான்: இந்தக் காவற்காரன் யாருடைய வாசலில் நிற்கப் போகிறான்? “நாங்களே சோதித்தோம், நலமே” என்று ஆலை முதலாளி ஓலை நீட்டினால் போதுமா? கழிவு வெளிவரும் வாய்க்காலில் அரசு சோதிக்கட்டும். கண்ட அளவை ஊர்ப் பலகையில், ஊரார் மொழியில் எழுதட்டும். ஆண்டுதோறும் பிப்ரவரி 28இல் ராமனுக்கு விழா எடுக்கிறார்கள், எடுக்கட்டும். மாலை அவர் படத்துக்கு; அவர் கண்ட ஒளி மக்கள் குடிக்கும் நீருக்கு!