பூநாரையை எழுப்பிவிடுகிற அண்ணைமாருக்கு

மார்கழி பிறந்தால் போதும், பேஸ்புக் முழுக்கப் பூநாரை. சுண்டிக்குளம், மன்னார், பிறகு திரும்பவும் சுண்டிக்குளம். எல்லாப் படத்திலும் ஒரே காட்சி: நூற்றுக்கணக்கான பறவைகள் ஒன்றாகச் சிறகை விரித்து மேலெழும்புது. கீழே "வாவ்", "செம கிளிக் மச்சான்". ஒருத்தராவது கேட்டதுண்டா, அதுகள் ஏன் ஒன்றாக எழும்பினது எண்டு?

எனக்குத் தெரியும். போன வருசம் அதில நானும் நிண்டனான்.

ஒரு வான் ஆட்கள், பெரிய பெரிய லென்ஸ், தெற்கிலிருந்து காசு குடுத்துக் கூட்டிவந்த ஒரு வழிகாட்டி. பறவைகள் தண்ணிக்குள் தலையைக் கவிழ்த்தபடி அரை மணித்தியாலம் மேய்ந்துகொண்டே நிண்டுது. எங்களுக்குப் பொறுமை இல்லை. "பறக்கிற ஷொட் வேணும்" எண்டார் ஒருத்தர். வழிகாட்டி சிரிச்சுக்கொண்டே சேற்றுக்குள் இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு ஓடினார். எழும்பிச்சுது. நானும் அமத்தினன். 312 லைக்.

பூநாரை உழவாரக்குருவி மாதிரிச் சும்மா சிறகடிச்சுப் போகிற சாமான் இல்லை. எழும்பத் தண்ணிக்கு மேலால் ஓடவேணும். அது சாப்பிடுகிறதும் இலேசான வேலையில்லை. அலகைத் தலைகீழாக வைத்து, உவர்நீரையும் சேற்றையும் வடிகட்டி, கண்ணுக்குத் தெரியாத உயிரிகளையும் சின்னக் கூனிகளையும் எடுக்குது. ஒரு நாளின் பெரும்பகுதி அதுக்கே போகும். வெளிநாட்டுக்காரர் "வின்டர் சீசன்" எண்டு சொல்லுகிற எங்கட மாரி முடிவில்தான் இதுகளும் ஊசிவால் வாத்துகளும் மூக்கன்களும் இங்கே திரளுது. வந்தது சாப்பிட. நாங்கள் கோப்பையைத் தட்டிப் பறிக்கிறம். ஒரு நாளில் ஒரு வானா வருது?

இன்னொரு கதையும் இருக்கு. 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த இடம் சுண்டிக்குளம். 2015இல் தேசிய பூங்காவாக்கினார்கள். தேசிய பூங்கா எண்டால் அனுமதி இல்லாமல் உள்ளே போக ஏலாது. அந்த அனுமதியும் உயிரினங்களைப் பார்க்கவும் ஆராயவும்தான், இறால் பிடிக்க இல்லை. ஆக, அந்த நீரேரியில் வீச்சுவலை போட்டு வளர்ந்த என்ட மாமா உள்ளே கால் வைத்தால் குற்றவாளி. லென்ஸோட வந்து கைதட்டி விரட்டுகிற நாங்கள் இயற்கை ஆர்வலர்கள். சுனாமி, சண்டை, இடம்பெயர்வு எல்லாம் தாண்டித் திரும்பி வந்த சனத்துக்கு இதைவிட நல்ல பகிடி வேண்டாம்.

"படம் பார்த்துத்தானே சனத்துக்கு விழிப்புணர்வு வருது" எண்டு சொல்லாதேங்கோ. அந்தப் படத்தைப் பார்த்து வந்தது அடுத்த வான்தான்.

ஊர்ப் பெடியளை வழிகாட்டி ஆக்கினால் எல்லாம் சரியாகிவிடும் எண்டும் நான் சொல்ல வரேல்லை. யாலாவில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்புகள் முட்டிமோதி நிற்கிறதை எல்லாரும் பார்த்திருக்கிறம். அந்தச் சாரதிகளிலும் எத்தனையோ பேர் அந்தப் பக்கத்து ஆட்கள்தான். "கிட்டக் காட்டினால் சந்தோசம் தருவம்" எண்டு சொல்லுகிற பயணிக்கு முன்னால் ஊர்க்காரனும் கெட்டுப்போவான். காசு, காட்டின சிறுத்தைக்கு இல்லாமல், கூட வந்த நேரத்துக்குக் கிடைக்கவேணும். "போதும், திரும்புவம்" எண்டு சொல்லுகிற அதிகாரமும் வழிகாட்டிக்கு வேணும். காசு குடுத்தவர் முகம் சுழித்தாலும்.

மாமாவுக்கு அது தெரியும். பூநாரைகள் முதலில் மேய்ச்சலை விட்டுத் தலையைத் தூக்கும். அதோட நிண்டிட வேணும். எல்லாம் ஒரே பக்கமாக நெருங்கி நடக்கத் தொடங்கினால் பின்னுக்கு வரவேணும். பிறகும் முன்னுக்குப் போனால்தான் பறக்கும். "பறந்தால் நீ பிழை விட்டிட்டாய் எண்டு அர்த்தம்" எண்டார். லென்ஸ் காவின எங்களில் ஒருத்தருக்கும் இது தெரியேல்லை. கூட்டிக்கொண்டு போனவருக்குத் தெரிஞ்சிருக்கலாம். அதுதான் இன்னும் கோவமாக் கிடக்கு.

அந்தப் படத்தை அழிச்சிட்டன். இந்த மாரிக்கு மாமாவோட போறதாக இருக்கு, பூங்கா எல்லைக்கு வெளியே, வீதிக் கரையில் நிண்டு பார்க்க. கமரா கொண்டுவரக் கூடாதாம். அதில மட்டும் எங்களுக்குள்ள இன்னும் சண்டை முடியேல்லை.