திண்ணையில் குந்தினது யார்?

ஆரோவில்லுக்கும் மரக்காணத்துக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சேரி எங்களுடையது. அம்மா உப்பளத்தில் உப்பு வாரியவர். அப்பா கொத்துவேலைக்குப் புதுச்சேரி போவார். அங்கே ஒரு பழைய தமிழர் வீட்டைப் புதுப்பித்தபோது, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்துப் பூசியதில் அவர் கையும் உண்டு. அந்த வீடு இப்போது தங்கும் விடுதி. ஒரு நாள் பார்க்கப் போனேன். "ரூம் போட்டிருக்கீங்களா?" என்றார் காவலாளி. தெருவிலேயே நின்றேன். திண்ணையில் ஒரு வழிகாட்டி வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "வழியில போறவங்க யாரா இருந்தாலும் இதுல உட்கார்ந்து இளைப்பாறலாம். அதுதான் தமிழர் பண்பாடு."

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். "யாரா இருந்தாலுமா? நம்ம ஊரு மேலத்தெரு திண்ணையில ஒங்க ஆயா குந்தினாளான்னு போய்க் கேளு. பொழுதுக்கும் நாத்து நட்டுட்டு, கூலிக்கு வெயில்லதான் நின்னா."

அந்தச் சிரிப்பைத்தான் இங்கே எழுத வந்தேன்.

புதுச்சேரி எப்படி அமைந்த நகரம்? கடலை ஒட்டி வெள்ளை நகரம். கால்வாய்க்கு மேற்கே கறுப்பு நகரம். பிரெஞ்சுக்காரன் போட்ட கோடு இது என்று நம் பண்பாட்டுக் காவலர்கள் கோபப்படுவார்கள். சரி, கறுப்பு நகரத்துக்குள்ளே கோடு போட்டது யார்? வைசியாள் வீதி, கோமுட்டி வீதி, வெள்ளாளர் வீதி: பெயர்ப் பலகைகளே சாட்சி. இதில் வைசியாள் வீதியை இன்டாக் அமைப்பும் அரசும் ஐரோப்பிய உதவியோடு புதுப்பித்தன. யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது அதற்கு 2008இல் கிடைத்தது. தூணுக்கும் தாழ்வாரத்துக்கும் கிடைத்த விருது. அந்தத் தூண்களுக்கிடையே யார் நடக்கலாம், யார் நடக்கக்கூடாது என்றிருந்த சட்டத்தை எந்த விருதுக் குழு கேட்டது?

துய்ப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் பாதுகாக்கப்படுகிறது. பாதுகாக்கட்டும். அவருடைய நாட்குறிப்பையும் கொஞ்சம் புரட்டுங்கள். சம்பா கோயிலுக்குள் பறையர் கிறித்தவர்களையும் மற்ற சாதிக் கிறித்தவர்களையும் பிரித்து நின்ற ஒரு சுவரைப் பற்றி 1745ஆம் ஆண்டுக் குறிப்பில் அவர் எழுதியிருக்கிறார். எங்கள் மக்கள் பாதிரியாரிடம் போய் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிபட்டது. 1745இலேயே சாதிச் சுவரை இடிக்கவைத்த மக்களின் வரலாறு இது. எழுதியவரின் வீடு நினைவுச்சின்னம். இடிக்கவைத்தவர்கள் குடியிருந்த சேரிக்கு என்ன சின்னம்?

'பாரம்பரியம்' என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்குப் பகீரென்கிறது. மற்றவர்களுக்கு அது தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை. எங்களுக்கு அது பறையடி, பிணம் சுடு, மலம் அள்ளு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் வைத்துப் போராடியதால்தான் 1954இல் அது ஒழிந்தது. அந்தப் பாரம்பரியம் காப்பாற்றப்பட்டிருந்தால் நான் எம்.ஏ. தமிழ் படித்திருக்க மாட்டேன். இதை எழுதியிருக்கவும் மாட்டேன்.

இனி, எந்த வீட்டுக்கு என்ன பாதுகாப்பு என்று பார்ப்போம்.

19ஆம் நூற்றாண்டில் கட்டிய புதுச்சேரி மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில் பழைய வடிவம் மாறாமல் மறுபடி கட்டி 2021இல் திறந்தார்கள். பத்தாண்டு கழித்து, 2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. எங்கள் பக்கத்தில் ஊறி விழுந்த மண்சுவர்களுக்கு வரைபடமும் இல்லை, வங்கியும் இல்லை.

மழையாவது சாதி பார்க்காது. நெருப்பு பார்த்துத்தான் வைக்கப்படுகிறது. 2013 ஏப்ரல் 25. மாமல்லபுரத்தில் பா.ம.க., வன்னியர் சங்கத்தின் சித்திரை முழுநிலவு விழாவுக்குக் கூட்டம் கூட்டமாக வண்டிகள் போன நாள். அன்று நடந்த சாதி வன்முறையில் மரக்காணம் கட்டையன் தெருவில் தலித்துகளின் வீடுகள் எரிந்தன. வண்டிகள் போய்ச் சேர்ந்தது யுனெஸ்கோ 1984இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த ஊர். வழியில் எரிந்தது எந்தப் பட்டியலிலும் இல்லாத தெரு.

"அப்படியானால் உங்கள் குடிசையையும் மரபுச் சின்னமாக்கிவிடலாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம். ஆரோவில்லில் மண் வீடு கட்டும் நுட்பத்தைக் கற்க உலகம் முழுக்க இருந்து வருகிறார்கள். அங்கே செம்மண் சுவர் ஒரு தேர்வு. எங்கள் சேரியில் அது கதியற்ற நிலை. தேள் விழும் கூரையை அழகென்று ரசிக்க எங்களால் முடியாது. எங்களுக்குப் பட்டா வேண்டும், கல்வீடு வேண்டும்.

நாங்கள் எதையும் இடிக்கச் சொல்லவில்லை. எழுதச் சொல்கிறோம். பாதுகாக்கப்பட்ட ஒவ்வொரு தெருவிலும் ஒரு பலகை வையுங்கள். வீட்டுக்காரர் பெயரோடு, கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள் எந்தச் சேரியிலிருந்து வந்தார்கள் என்று போடுங்கள். அந்தத் தெருவில் யாருக்கு நடக்க உரிமையில்லாமல் இருந்தது என்றும் போடுங்கள். சம்பா கோயிலுக்குள் 1745இல் நின்ற சுவரையும் அது விழுந்த கதையையும் சொல்லுங்கள். மரக்காணத்தில் கட்டையன் தெருவின் பெயரையும் தேதியையும் கல்லில் வெட்டுங்கள். படிக்கிற தோழர்களே, உங்கள் ஊர்ச் சேரியின் கதையை உங்கள் ஆயாவிடம் இன்றைக்கே கேட்டு எழுதிவையுங்கள். அதற்கு எந்தக் குழுவின் அனுமதியும் வேண்டாம்.

அப்பாவுக்கு இப்போது முட்டி தேய்ந்துவிட்டது. அந்த வீட்டுக்கு அவரை ஒருமுறை கூட்டிப்போகப் போகிறேன். ரூம் போட மாட்டோம். தான் பூசிய திண்ணையில் அவர் கொஞ்ச நேரம் குந்துவார். யாராவது எழுந்திருக்கச் சொல்கிறார்களா என்று பார்ப்போம்.