பொம்பளைச் சீக்கு

கூடங்குளம் அணு உலையைப் பற்றி வாக்குவாதம் செய்கிறவர்கள் எல்லா விஷயத்திலும் முட்டிக்கொள்வார்கள். ஒன்றில் மட்டும் ஒற்றுமை. தைராய்டுப் புற்றுநோயைக் கல்லாக எடுத்து எதிராளிமேல் வீசுவதில் இரண்டு கட்சியாரும் சமர்த்தர்கள். ‘உலை வந்தது, கழுத்தில் கட்டி வந்தது’ என்பார் ஒருவர். ‘அடப் போமய்யா! அந்த நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். கதிர்வீச்சு என்ன, சேலையைப் பார்த்தா பாயும்? அது பொம்பளைச் சீக்கு’ என்பார் மற்றவர்.

முதலில் இந்த இரண்டாமவரைக் கவனிப்போம். 1986-ல் செர்னோபிலில் உலை வெடித்தபோது கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, பசுவின் பாலில் கலந்து, குழந்தைகளின் தொண்டைக்குப் போயிற்று. பின்னால் தைராய்டுப் புற்றுநோய் கண்ட அந்தக் குழந்தைகளிலும் பெண்களே அதிகம். ஆகவே ‘பெண்கள் அதிகம்’ என்று சொல்லி எந்த உலைக்கும் நற்சாட்சிப் பத்திரம் கொடுக்க முடியாது. அதைச் சொல்லித் தண்டனையும் கொடுக்க முடியாது. உலையின் நிழலே விழாத ஊர்களிலும் பெண்கள்தாம் அதிகம்.

ஏன்? பெண்களிடம் அதிகமாக இருப்பது பெரும்பாலும் நோயல்ல, தேடல் என்பது என் கட்சி. 2021-ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. உயிரோடிருப்பவர்களிடம் கண்டுபிடித்த சின்னஞ்சிறு ‘பாப்பிலரி’ வகைக் கட்டிகளை எண்ணினால், ஓர் ஆணுக்கு நான்கு பெண்களுக்கு மேல். வேறு காரணத்தால் இறந்தவர்களைப் பிரேதப் பரிசோதனை செய்தால் அதே சின்னக் கட்டிகள் இருபாலாருக்கும் ஏறக்குறைய சமம்! உயிரைக் குடிக்கும் முரட்டு வகைகளிலும் அப்படியே. செத்த பிறகு சமத்துவம் வந்துவிடுகிறது.

பெண் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள்: கர்ப்பம், மாதவிலக்குக் கோளாறு, உடம்பு பருக்கிறது, முடி கொட்டுகிறது. ‘தைராய்டு பார்த்துவிடுங்கள்’ என்று ஒரு சீட்டு. ரத்தம் எடுத்தாயிற்று; பிறகு கழுத்துக்கு ஸ்கேன். அரிசிமணி அளவில் ஒன்று அகப்படுகிறது. ‘புற்று’ என்ற வார்த்தையைக் கேட்ட பிறகு எந்தக் குடும்பம் சும்மா இருக்கும்? கழுத்திலிருந்த சங்கிலி அடகுக்கடைக்குப் போகிறது. கழுத்து கத்திக்குப் போகிறது. அப்புறம் ஆயுசு முழுவதும் வெறும் வயிற்றில் மாத்திரை. (இந்தச் சுரப்பிக்குக் ‘கேடயச் சுரப்பி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேடயத்துக்கு ஒரு கேடயம் வேண்டியிருக்கிறது!) தென் கொரியா இந்தக் கூத்தை ஆடிப் பார்த்தது. 1999-ல் தொடங்கிய அரசாங்கப் புற்றுநோய்ப் பரிசோதனையோடு, கொஞ்சம் கூடக் கொடுத்தால் கழுத்தையும் பார்க்கலாம் என்று சேர்த்துக்கொண்டார்கள். 2011-ல் கண்டுபிடித்த நோய் 1993-ஐப்போல் 15 மடங்கு. இறந்தவர் தொகையோ அசையவில்லை.

சரி, ஆண்பிள்ளையின் கழுத்தை யார் பார்க்கிறார்கள்? இடிந்தகரையில் வலை இழுக்கிறவனிடம் கழுத்துக் கட்டியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ‘அது பொம்பளைச் சீக்குவே, நமக்கு எங்கே வரப்போவுது?’ என்று துண்டைச் சுற்றிக்கொண்டு போவான். குரல் கம்மி, சோறு இறங்காமல் போன பிறகுதான் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். ஆண்களிடம் கண்டுபிடிக்கும்போது கட்டி பெரிதாக இருக்கிறது, பக்கத்துக் கணுக்களுக்குப் பரவியிருக்கிறது, முடிவும் மோசமாகிறது என்பது பல தேசங்களில் கண்ட அனுபவம். 1988-ல் அமெரிக்க டாக்டர்கள் ‘ஏமிஸ்’ என்று ஓர் அளவுகோல் செய்தார்கள். அதில் பெண்ணுக்கு 50 வயதுவரை ஆபத்துக் குறைவு. ஆணுக்கு 40 வரைதான். ஆண்பிள்ளை என்ற ஒரே குற்றத்துக்குப் பத்து வருஷம் பிடித்தம்! அவன் உடல்வாகு காரணமா, தாமதம் காரணமா என்று இன்னும் வாதாடுகிறார்கள். வயதையும் நோய் பரவிய அளவையும் கணக்கில் எடுத்தால் வித்தியாசம் பெரிதும் சுருங்கிவிடுகிறது என்கிறவர்கள் பக்கம் நான்.

கூடங்குளத்துக்கு வருகிறேன். முதல் உலை 2013-லும் இரண்டாவது 2016-லும் இயங்கத் தொடங்கின. அவற்றால் தீங்கு உண்டா என்று கேட்பது ஜனங்களின் உரிமை. கேட்டவர்களைத் தேசத் துரோகி என்றது அநியாயம். ஆனால் மொட்டையாக ஓர் எண்ணை நீட்டினால் நான் வாங்கமாட்டேன். ஃபுகுஷிமாவில் 2011-க்குப் பிறகு மூன்று லட்சம் குழந்தைகளின் கழுத்தை ஸ்கேன் செய்தார்கள்; கட்டிகள் அகப்பட்டன; உலை தந்ததா, ஸ்கேன் தந்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நாளைக்கே நம் கடலோரத்தில் முகாம் போட்டால் இங்கேயும் நோயாளிகள் ‘பெருகி’விடுவார்கள். சின்னக் கட்டி எத்தனை, பெரியது எத்தனை, பரவியது எத்தனை, இறந்தவர் எத்தனை. ஆண், பெண், குழந்தை தனித்தனியாக எத்தனை. எத்தனை கழுத்துக்கு ஸ்கேன் எடுத்ததில் இது வந்தது? ஊர்வாரியாக இதைச் சொல்லட்டும், இரண்டு கட்சியும்.

அதுவரைக்கும் ஒரு காரியம் செய்யலாம். மனைவியை ஸ்கேனுக்கு உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, கழுத்தில் துண்டோடு ஒரு மனிதர்? அவரைத் துண்டை எடுக்கச் சொல்லி, டாக்டர் ஒருதரம் விரலால் தடவிப் பார்க்கட்டும்.