பீடத்தில் ஏறிய உழைப்பாளி

உழைப்பாளியைச் செதுக்குவது பிரசாரமேயன்றிக் கலையாகாது என்று கூறுவார் இன்றும் நம்மிடையே உளர். அவர்களைச் சென்னை மெரீனாக் கடற்கரைக்கு அழைக்கின்றோம். 1959இல் அங்கு நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையிலே, அரையாடை மட்டும் அணிந்த நால்வர் பெரும் பாறையொன்றைப் பெயர்க்கின்றனர். அவருள் தனித்துயர்ந்த நாயகன் எவனுமில்லை. நால்வர் வலிமையும் ஒரு வலிமையாகிப் பாறையின்மீது பாய்கின்றது. இதிலே கோஷம் எங்குளது? உழைக்கும் உடலின் உண்மையே இங்கு அழகாயிற்று.

இதனை ஆக்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி (1899–1975) வங்கத்து ஜமீன் குடும்பமொன்றிற் பிறந்தவர். அவனீந்திரநாத் தாகூரின் மாணவர். 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப் பள்ளிக்குத் தலைமை தாங்கியவர். பணிக்கரும் தனபாலும் அவரிடம் பயின்றோரே. 1937இல் அந்நிய அரசு அளித்த விருதையும் அவர் ஏற்றார். அவரைப் புரட்சியாளர் என நாம் கூறவில்லை. ஆயினும், குலமும் விருதும் அவர் கண்ணை மறைக்கவில்லை என்பதே நாம் கருதவேண்டியது. 1942இல் கொடியேற்றச் சென்று துப்பாக்கிக் குண்டுக்கு இரையான ஏழு மாணவர்க்குப் பாட்னாவில் நினைவுச் சிலை வடித்தவர் அவர். ஒடுக்கப்பட்டோர்க்குக் கோயிற் கதவைத் திறந்த 1936ஆம் ஆண்டுத் திருவாங்கூர்ப் பிரகடனத்தை வெண்கலத்திற் பொறித்தவரும் அவரே.

அப்பிரகடனம் வெளிவந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரும், 1968இல், நமது மாவிட்டபுரத்திலே ஆலய வாயில் மறிக்கப்பட்டது. வாயிலை மறித்த அதே மனப்பான்மைதான் பீடத்தையும் மறிக்கின்றது. முத்திரைச் சந்தியில் 1974இல் எழுப்பிய சங்கிலியன் சிலையை 2011இல் புதுப்பித்தும் நிறுத்தினோம். மன்னர்க்கும் புலவர்க்கும் தலைவர்க்கும் சிலையெடுத்தல் தவறன்று. ஆனால் புகையிலைத் தோட்டத்திலே முதுகொடிந்தவனும், பனையேறிக் கள்ளிறக்கியவனும், கரைவலை இழுத்தவனும் இம்மண்ணின் வரலாற்றைச் சமைக்கவில்லையா? அவர்கள் உழைப்பில் எழுந்த நகரத்திலே அவர்கள் உருவத்துக்கு மட்டும் இடமில்லை என்பது என்ன நியாயம்?

சித்திர வகுப்பிலே பூச்சாடியை வரையும் நம் மாணவன் தன் தந்தையின் காய்த்த கையையும் வரையக் கற்கட்டும். அக்கை கலைக்கு உகந்தது என்று அவனுக்குச் சொல்லவேண்டியவர் ஆசிரியராகிய நாமே. அடுத்த சந்தியிலே பீடம் கட்டக் கல் சுமப்பவன், அதன்மேல் யார் நிற்பது என்று கேட்கும் உரிமையும் உடையவன்.