பத்து நாள் பாட்டி வீடு

ஏப்ரல் பாதி தாண்டினால் சென்னையில் நிம்மதியாகப் பேப்பர் பிரிக்க முடியாது. பிரித்தால் உள்ளேயிருந்து நாலு நோட்டீஸ் மடியில் விழும். 'சம்மர் கேம்ப்! 5 வயது முதல் 12 வயது வரை!' ஓவியம், களிமண், யோகா, அபாகஸ், சிலம்பம்... கூடவே 'தீயில்லாத சமையல்'. கல்யாணமான புதிதில் கேஸ் தீர்ந்த நாட்களில் நாங்களும் அதைத்தான் செய்தோம். அவல், வெல்லம், வாழைப்பழம். எங்களுக்கு யாரும் சர்டிபிகேட் கொடுக்கவில்லை!

என் பெண்ணுக்கு ஐந்து வயது. யு.கே.ஜி. முடித்துவிட்டு லீவில் இருக்கிறாள். மனைவிக்கு பாங்க் வேலை. நான் வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பிழைக்கிறவன். "எங்கப்பாவுக்கு வேலையே இல்ல ஆன்ட்டி, வீட்லதான் இருப்பாரு" என்று இவள் மாடி வீட்டில் சொல்லி வைத்த அன்றே முடிவாகிவிட்டது. பத்து நாள் கேம்ப். ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை. ஃபீஸ் 3,500 ரூபாய். பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? மணிக்கு 117 ரூபாய் என்று கணக்குப் போட்டது.

"அந்த மூணு மணி நேரத்துல நீங்க நாலு பக்கம் எழுதினா வந்துடுங்க" என்றாள் மனைவி. பாங்க்காரி!

இந்த கேம்ப் சமாசாரம் அமெரிக்கச் சரக்கு. 1861-ல், அங்கே உள்நாட்டுப் போர் தொடங்கிய வருஷம், கனெக்டிகட் மாநிலத்துப் பள்ளிப் பையன்களுக்கு சிப்பாய்கள் மாதிரி கூடாரத்தில் தூங்க ஆசை வந்தது. ஃப்ரெடரிக் கன் என்கிற வாத்தியாரும் அவர் மனைவியும் அவர்களை நடத்தியே கடற்கரைக்குக் கூட்டிப் போய்த் தங்க வைத்தார்கள். அன்றைக்கு அந்தப் பையன்களின் அப்பாக்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று சரித்திரம் சொல்லவில்லை. நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள். கேட்டில் அழுவாள் என்று கைக்குட்டை, சாக்லெட், இரண்டு மூன்று பொய் எல்லாம் ஸ்டாக் வைத்திருந்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, கைய விடு. எல்லாரும் பாக்கறாங்க."

விட்டேன். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

காம்பவுண்டு சுவரோரம் ஏற்கெனவே ஏழெட்டு அப்பாக்கள். ஒருவர் ஸ்கூட்டர் மேல் ஏறி நின்று கமெண்ட்ரி கொடுத்துக்கொண்டிருந்தார். "பச்சை கவுன் உங்க பொண்ணா சார்? களிமண்ணை எடுத்துட்டாங்க... மூக்குல வெச்சுக்கிட்டாங்க..." ஆபீசுக்கு லேட்டாகிறதே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கடைசியில் வாட்ச்மேன்தான் வந்தார்.

"புள்ளைங்க ஒண்ணுகூட அழுவல சார். நீங்கதான் கும்பல் போடறீங்க. கெளம்புங்க."

எதிர் டீக்கடையில் போய் நின்றேன். என் சின்ன வயது லீவு ஞாபகம் வந்தது. கும்பகோணம் பக்கம் பாட்டி வீடு. மேட்டூர் அணையை ஜூன் 12-ம் தேதி திறப்பதுதான் வழக்கம். அதனால் மே மாதத்துக் காவிரியில் தண்ணீர் இருக்காது, மணல்தான். பகல் பூரா அங்கே கிரிக்கெட். இருட்டினதும் வீட்டுக்குப் போனால், "கை கால் கழுவிட்டு வா, சாதம் போடறேன்" என்பாள் பாட்டி. எங்கே போனாய், என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டதே இல்லை. ஃபீஸும் இல்லை. இன்று பாட்டி இல்லை, அந்த வீட்டையும் விற்றாகிவிட்டது. என் பெண்ணுக்கு நான் வாங்கிக் கொடுத்திருப்பது பத்து நாள் பாட்டி வீடு. வாட்ஸ்அப்பில் போட்டோ மட்டும் எக்ஸ்ட்ரா!

பன்னிரண்டரைக்கு வந்தாள். முழங்கை வரை களிமண்.

"என்னடா கண்ணு பண்ணினே?"

"ஒண்ணும் இல்ல."

"யாரோட பேசினே?"

"யாழினி. அவ ஒண்ணு சொன்னா. உங்கிட்ட சொல்லக் கூடாது."

இந்த ஐந்து வருஷத்தில் அவள் குடித்த பால், போட்ட ஊசி, விழுந்த பல் எல்லாமே என் பேரேட்டில் பதிவாகியிருக்கிறது. அதில் வராத முதல் கணக்கு இது. யாழினி சொன்னது என்ன? ஆடிட் பண்ண எனக்கு உரிமை கிடையாது. மனசு கொஞ்சம் சுருக்கென்றது. அதற்குள் அவள் எதையோ நினைத்துத் தானாகச் சிரித்தாள். சரி, லாபக் கணக்குதான் என்று தெரிந்தது.

கல்யாணமாகாத தம்பிகளே, சிரிக்காதீர்கள். உங்களுக்கும் ஒரு காம்பவுண்டு சுவர் எங்கோ காத்திருக்கிறது. அது உயரமாக இருந்தால், ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு போங்கள்.

ராத்திரி சாப்பிடும்போது அவள் கேட்டாள்: "அப்பா, நான் கேம்ப் போனப்ப நீ என்ன எழுதினே?"

மனைவியும் நிமிர்ந்தாள்.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.