யார் அந்த ‘வட்டாரங்கள்’?

டெல்லிச் செய்தியாளர்களின் பேச்சில் ஓயாமல் அடிபடும் ஆங்கிலச் சொல் ‘சோர்ஸ்’. அகராதியில் அதற்கு ஊற்று, மூலம் என்று பொருள். செய்தியாளருக்கோ அமைச்சரின் உதவியாளரும் சோர்ஸ், கோப்பு சுமக்கும் கடைநிலை ஊழியரும் சோர்ஸ், நகலெடுத்துக் கைமாறும் ஆவணமும் சோர்ஸ். “சோர்ஸ் இருக்கா?” என்று ஆசிரியர் கேட்டால், ஆதாரம் உண்டா என்று அர்த்தம். “அவர் நம்ம சோர்ஸ்” என்றால் நெடுநாள் பழக்கம். ‘சோர்ஸ் ஸ்டோரி’ என்றால் பெயர் போட முடியாத செய்தி. தமிழ் நாளிதழில் அச்சேறும்போது இவர்களில் பெரும்பாலோர் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள்: ‘வட்டாரங்கள் தெரிவித்தன.’

அந்தச் சொல்லுக்குப் பெருமை சேர்த்தவர்கள் உண்டு. ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனத்திடம் இந்தியா பீரங்கி வாங்கிய பேரத்தில் லஞ்சம் கைமாறியதாக 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி அறிவித்தது. அதைத் தொடர்ந்து செய்தியாளர் சித்ரா சுப்பிரமணியத்திடம் ரகசிய ஆவணங்களைக் கொடுத்தவர் யார் என்பது 25 ஆண்டுகள் வெளிவரவில்லை. 2012-இல் அவரே முன்வந்து பெயரைச் சொன்னார்: ஸ்டென் லிண்ட்ஸ்ட்ராம், ஸ்வீடன் காவல் துறையின் முன்னாள் உயரதிகாரி. அதுவரை சித்ரா வாய் திறக்கவில்லை.

இன்று டெல்லியில் ‘வட்டாரம்’ என்று எழுதப்படுபவர்களில் பலர் இந்த வகை அல்ல. அமைச்சகத்துக்காகப் பேச வேண்டியதே வேலையாக உள்ள அதிகாரி, செய்தியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் நாலு வரி அனுப்புகிறார்; பெயர் வேண்டாம் என்கிறார். சிறிது நேரத்தில் அதே வாசகம் எழுத்துப் பிசகாமல் பல சேனல்களில் ஓடுகிறது. இவருக்கு வேலை போகும் ஆபத்து இல்லை. மறைவு எதற்கு? செய்தி பொய்த்துப் போனால் ‘அரசு அப்படிச் சொல்லவே இல்லை’ என்று கைகழுவத்தான். கேள்வி கேட்க வாசகருக்கு ஆளே இல்லை.

அமெரிக்காவிலும் இது நடந்திருக்கிறது. நியூயார்க் டைம்ஸின் ஜூடித் மில்லர் சோர்ஸைக் காட்டிக்கொடுக்க மறுத்து 2005-இல் 85 நாள் சிறையில் இருந்தார். அவர் காத்தது எளிய ஊழியரை அல்ல, அப்போதைய துணை அதிபர் டிக் செனியின் தலைமை அலுவலர் லிப்பியை. தன்னை ‘நாடாளுமன்ற முன்னாள் ஊழியர்’ என்று குறிப்பிடும்படி லிப்பி கேட்டதும், மில்லர் அதற்கு இசைந்ததும் பிறகு தெரியவந்தன. லிப்பி ஒருகாலத்தில் அங்கு வேலை பார்த்தவர்தான். ஆனாலும் வாசகரை ஏமாற்ற அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

உண்மையிலேயே காக்கப்பட வேண்டியவருக்கோ இந்தியாவில் சட்டத்தின் துணை மிகக் குறைவு. 1978-ஆம் ஆண்டின் பத்திரிகை மன்றச் சட்டம், சோர்ஸைச் சொல்லும்படி செய்தியாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அந்தப் பாதுகாப்பு மன்றத்தின் விசாரணைக்குள் மட்டும்தான். நீதிமன்றத்திலும் அது கிடைக்கும்படி சாட்சியச் சட்டத்தைத் திருத்த 1983-இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. அந்தத் திருத்தம் வரவில்லை. 2023 ஜனவரியில் டெல்லி ரௌஸ் அவென்யூ நீதிமன்றம், புலனாய்வு அமைப்புகளிடம் சோர்ஸை மறைக்கச் செய்தியாளருக்குச் சட்ட விலக்கு எதுவும் இல்லை என்று கூறியது. 2019 ஜூலையிலோ நிதி அமைச்சகம், அரசு அங்கீகாரம் பெற்ற செய்தியாளரும் முன் அனுமதி பெற்றே அதிகாரிகளைப் பார்க்கலாம் என்றது. யாரை யார் சந்தித்தார் என்பது பதிவாகும் இடத்தில் எந்தக் கீழ்நிலை ஊழியர் துணிந்து பேசுவார்? மிஞ்சுவது வாட்ஸ்அப் வரிகள்தான்.

ஆகவே ஆசிரியர்கள் இரண்டையும் பிரித்தாக வேண்டும். அதிகாரபூர்வமாகப் பேச வேண்டியவர் பெயரோடு பேசட்டும். மறுத்தால், ‘அமைச்சக அதிகாரி பெயர் வெளியிட மறுத்தார்’ என்று காரணத்தோடு அச்சிடுங்கள். உயிரையோ வேலையையோ பணயம் வைத்தவரை மட்டும் மறையுங்கள். வாசகர்களே, ‘வட்டாரங்கள்’ என்று படிக்கும்போது, எந்த வட்டாரம் என்று கேட்டு உங்கள் நாளிதழின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள்.