பொன்னாடை வேணாம், ஒருநாள் கூலியைக் குடுங்க

அக்டோபர் மாசம் வந்தாப் போதும், பொட்டி தட்டுற கம்பெனிகள் எல்லாம் ரோஸ் கலராயிடுது. ரோஸ் ரிப்பன், ரோஸ் டி-ஷர்ட், காலையில ஒரு நடைப்பயணம், அப்புறம் டிபன். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வாம். நானும் நடந்தவன்தான், பொங்கல் நல்லா இருந்துச்சு :-)

சரி, இந்த விழிப்புணர்வு எங்க போடிநாயக்கனூருக்கு எப்ப மக்கா வரும்?

தெரியாதவங்களுக்கு: மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம், ஏலக்காய் ஏலம் போற ஊரு. விடியக்காலையில பொம்பளைங்க தூக்குவாளியோட ஜீப்புல நெருக்கியடிச்சு உட்கார்ந்து, போடிமெட்டு ஏறி, இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போவாங்க. இறங்கி வர்றப்ப பொழுது சாஞ்சிடும். வீடு தமிழ்நாட்டுல, வேலை கேரளாவுல. இங்க நர்சம்மா தெருவுக்கு வர்ற நேரம் அவங்க மலையில இருப்பாங்க. அங்க இருக்குற நர்சம்மாவுக்கோ இவங்க வேற ஊர்க்காரங்க.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல, 30லேர்ந்து 49 வயசு வரைக்கும் உள்ள தமிழ்நாட்டுப் பெண்கள்ல ஒரு தடவையாவது மார்பகப் பரிசோதனை செஞ்சுக்கிட்டவங்க 5.6 சதவீதம். இந்தியா முழுசுக்கும் 0.9தான். அதனால நாம காலரைத் தூக்கிவிட்டுக்கலாம், வாழ்க!

ஏன் வரமாட்டேங்கறாங்க? கூலி போயிடும், ஒண்ணு. அதைவிடப் பெருசு பயம். எங்க ஊருல கேன்சர்னா சாவுதான். ஏன்னா செத்தவங்க கதை மட்டும்தான் வெளிய வருது. பொழைச்சவங்க மூச்சு விடுறதில்ல, மகளுக்கு வரன் அமையாதேன்னு மறைச்சிடுறாங்க. நம்ம பாஷையில சொன்னா, எர்ரர் மட்டும் லாக்ல விழுது, சக்சஸ் ஒண்ணுகூடப் பதிவாகலை. அந்த லாகைப் பார்க்கிறவன் சிஸ்டமே காலின்னுதானே நினைப்பான்?

இதை மாத்தக்கூடியது போஸ்டர் இல்ல. வந்து, வைத்தியம் பார்த்து, பொழைச்சு, மறுபடி அதே ஜீப்புல ஏறுற ஒரு பொம்பளை. "ஏ மதினி, எனக்கும்தான் கட்டி வந்துச்சு. கானாவிலக்குப் பெரியாஸ்பத்திரிக்கு வா, நான் கூட வாறேன்"னு அவ சொன்னா நடக்கும். புது ஐடியாவும் இல்ல. அமெரிக்காவுல டெரீஸ் லாசர்ங்கிறவங்க, தனக்கு ஆபரேஷன் ஆனதுக்கு அப்புறம் 1952லயே மத்த பெண்களைத் தேடிப்போய்ப் பேச ஆரம்பிச்சாங்க. சென்னையில நீர்ஜா மாலிக், ரெண்டு தடவை இந்த நோயிலேர்ந்து மீண்டு வந்து, நோயாளிகளுக்குத் தைரியம் சொல்லிட்டு இருக்காங்க.

ஆனா நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க தெரியுமா? எங்க தெருவுல ஒரு அக்கா, பொழைச்சவங்க. ஒரு அமைப்பு (பேரு வேணாம்) மேடைக்குக் கூப்பிட்டாங்க. பொன்னாடை, ஷீல்டு, கைத்தட்டல், ஃபோட்டோ. அன்னிக்குக் கூலி போச்சு, பஸ் காசும் அவங்களோடது. பேச வந்த டாக்டருக்குக் கார் அனுப்பினாங்க! கேட்டா "சேவை"யாம். சேவைங்கிறது வயிறு நிறைஞ்சவன் பொழுதுபோக்கு சார். தினக்கூலிக்காரிகிட்ட அதைக் கேட்கிறது ஓசி வேலை வாங்குறது.

மேடைப் பேச்சால ஆகுறதும் கொஞ்சம்தான். ஷாங்காய்ல துணி மில்லுப் பெண்கள் ரெண்டரை லட்சம் பேருக்கு மேல வச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு. நீங்களே தடவிப் பாருங்கன்னு பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தும் சாவு குறையலைன்னு 2002ல முடிவு வந்துச்சு. மும்பையில டாடா மெமோரியல்காரங்க 1998ல ஒன்றரை லட்சம் பெண்களோட ஆரம்பிச்சாங்க. டாக்டர்கூட இல்ல, பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்கள் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கையால சோதிச்சாங்க. 2021ல வந்த முடிவுப்படி, முத்தின நிலையில வர்றது குறைஞ்சது. 50 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைஞ்சது. எல்லா வயசையும் சேர்த்தா அவ்வளவு உறுதியாச் சொல்ல முடியலை, அதையும் சொல்லிடணும்.

ஆக, பழகின கை ஒண்ணு வேணும். அந்தக் கை வரைக்கும் கூட்டிட்டுப் போக, பொழைச்ச ஒருத்தி வேணும். அவளுக்கு மாசச் சம்பளம் போடுங்க. முகாமைக் கல்யாண மண்டபத்துல காலை பத்து மணிக்கு வைக்காதீங்க, சாயங்காலம் ஜீப்பு வந்து நிக்கிற இடத்துல வைங்க. நடைப்பயண டி-ஷர்ட்டுக்கு ஆகுற காசு போதும்.

டிஸ்கி: "பொம்பளைங்க சமாச்சாரம், உனக்கென்னடா?"ன்னு கேட்கப் போற அண்ணன்மாருக்கு: ஆம்பளைக்கும் வரும், நூத்துல ஒண்ணு. அப்புறம், ஜீப்பு எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு முடிவு பண்றதும் நம்மாளுங்கதானே.